பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்த அதிகாரி

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். என் அப்பன் அடுத்தவன் காட்டில் கூலிக்குக் களையெடுத்து எங்களை வளர்த்தார். நான் பட்டாளத்துக்குப் போனேன், பதினேழு வருசம் இருந்தேன், ஹவில்தாராக இறங்கி வந்தேன். இன்றைக்குச் சாத்தூர்ப் பக்கம் கண்மாய்க் கரையை ஒட்டி எனக்குச் சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. முப்பத்திரண்டு ரூம். எழுபது பேர் வேலை பார்க்கிறார்கள். நான் இந்தி பேசினால் வடக்கத்திக்காரனே தன் பக்கத்து ஆள் என்று நினைத்து என் ஊரைக் கேட்பான். எல்லாம் நானாகச் சம்பாதித்தது. என் மகன் பட்டாளத்தில் கேப்டன். நான் எந்த உத்தியோகத்துக்குச் சல்யூட் அடித்தேனோ அந்த உத்தியோகத்தில் என் பிள்ளை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

பயத்தைப் பற்றியும் நான் நிறையப் பேசியிருக்கிறேன். நான் எல்லையில் இருந்த காலத்தில் எங்கள் பங்கரைச் சுற்றிக் குண்டு விழும். கூட இருந்த பையன்கள் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடப்பார்கள். நான் மட்டும் சத்தத்தை வைத்தே இது எம்புட்டுத் தூரத்தில் விழுந்தது, எம்புட்டு மருந்து இருக்கும் என்று சொல்லுவேன். எங்கள் மேஜர் ஒருநாள், "நீ எதைத் தின்று வளர்ந்தாய்?" என்று கேட்டார். "தின்றது கொஞ்சம்தான் சாப், வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்தவன்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பங்கர் மண் உதிர்ந்தது. இந்தக் கதையைக் கம்பெனியில் டீ நேரத்தில் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

அதைக் கேட்டுத்தான் ஒரு பையன் பட்டாளத்துக்குப் போனான்.

அவன் அம்மா என் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். பன்னிரண்டு வருசமாக என்னிடம் வேலை. புருசன் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தபோது பையன் கைக்குழந்தை. அவனைச் சிவகாசியில் ஏதாவது பிரஸ்ஸில் சேர்த்துவிடலாம் என்று அவள் இருந்தாள். நான்தான் விடவில்லை.

"ஒத்தப் புள்ள முதலாளி. அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு நான் எப்படி இருப்பேன்?"

"எனக்கு மட்டும் என்ன ஒன்பது பிள்ளையா? ஆம்பளப் பிள்ளை ஒண்ணுதான். அவனையே அனுப்பிட்டு நான் உக்காந்திருக்கேன்ல? நான் இருக்கேன்த்தா. அவனுக்கு நான் பொறுப்பு."

அப்படித்தான் சொன்னேன். காலையில் கண்மாய்க் கரையில் அவனை ஓடவிட்டு, நான் டிவிஎஸ் வண்டியில் பின்னாலேயே போவேன். "ஏலே, நொண்டிக் கழுத கூட உன்னைய முந்திரும்லே!" என்று கத்துவேன். ஆள் எடுப்புக்கு நானே கூட்டிப்போனேன். அவன் தேறிவிட்டான் என்று தெரிந்ததும் கம்பெனி முழுக்க மிட்டாய் கொடுத்தேன். யார் பிள்ளை தேறியது என்றே சிலருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

பிறகு, இப்போது கொஞ்ச நாளைக்கு முன்னால், எல்லையில் சண்டை வந்தது. சில நாள்தான் நடந்தது. ஆனால் அந்தச் சில நாளும் இந்தப் பக்கத்தில் யாரும் சோதனைக்குக்கூட ஒரு வெடி போடவில்லை. எங்கேயாவது கல்யாண வீட்டில் ஒரு சரம் கேட்டால் சனம் வாசலுக்கு ஓடி வந்து வானத்தைப் பார்த்தது. வெடி செய்து பிழைக்கிற சனம்!

என் மகன் எல்லையில். அவள் மகனும் எல்லையில், வேறொரு இடத்தில். இரண்டு பேரிடமிருந்தும் நாலு நாளாகப் போன் இல்லை.

எங்கள் தொழிலில் போன் உள்ளே வரக்கூடாது. கேட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கும். காலையில் வந்ததும் போனை அணைத்து அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். முதலாளிக்கும் அதே சட்டம்தான். மத்தியானம் மணி அடித்ததும் மற்றவர்கள் தூக்குவாளியைத் திறப்பார்கள். நானும் அவளும் மட்டும் கேட்டுக்கு நடப்போம். பெட்டிக்கு முன்னால் நின்று ஆளுக்கொரு போனை உயிர்ப்பித்துப் பார்ப்போம்.

"வந்துச்சா முதலாளி?"

"இல்லத்தா. உனக்கு?"

"கம்பெனிக்காரன்தான் ரீசார்ஜ் பண்ணச் சொல்லிக் கூப்பிட்டிருக்கான்."

அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சாப்பாடு இரண்டு பேருக்குமே இறங்காது. வீட்டில் என் சம்சாரம் டிவிக்கு முன்னாலேயே கிடந்தாள். அவளிடம், "நான் பார்க்காத சண்டையாடி?" என்று சத்தம் போட்டுவிட்டுக் குளியலறையில் போய் நின்றுகொள்வேன்.

அஞ்சாம் நாள் காலை. மருந்து கலக்கிற வேலையை நான் இன்னொருத்தரிடம் விடுவதில்லை. வெயில் ஏறுவதற்குள் கலக்கி, அன்றைக்கு அடைக்கிற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளவேண்டும். கலக்கிய மருந்தை மிச்சம் வைத்தால் அது தானாகச் சூடு பிடிக்கும். தரையில் ஈரச் சாக்கு விரித்து, உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணில் இறங்குவதற்காக வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் கையை வைத்து எடுத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனேன். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் சல்லடையில் பாதி இறங்கியிருந்தபோது வாட்ச்மேன் வந்தார்.

எங்கள் கம்பெனியில் யாரும் ஓடக்கூடாது, கத்தக்கூடாது. அவர் நடந்துதான் வந்தார். முப்பது அடி தள்ளி நின்றுகொண்டார்.

"முதலாளி, பட்டாளத்து ஜீப்பு வந்து நிக்கி. ஆபீசர் ஒருத்தரு வந்திருக்காக. உங்களக் கேக்காக."

"என்ன விசயம்?"

"இந்தியில பேசுறாக முதலாளி. உங்க பேரு மட்டுந்தான் எனக்கு வெளங்குச்சு. ரெண்டு மூணு தடவ சொன்னாக."

சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

பட்டாளத்து ஜீப் வீடு தேடி வந்தால் என்ன அர்த்தம் என்று இந்தச் சுத்துப்பட்டில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. நானே அப்படிப் போயிருக்கிறேன். எங்கள் கம்பெனியில் ஒரு பையன் செத்துப்போனான். பட்டாளத்துக் கம்பெனியைச் சொல்கிறேன், நூறு பேர் கொண்டது. அவன் ஊருக்குத் தகவல் சொல்ல ஒரு கேப்டனையும் என்னையும் அனுப்பினார்கள். அந்தப் பையனின் அம்மா எங்களைப் பார்த்ததும், பிள்ளையோடு வேலை பார்க்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கேப்டன் குடித்தார். நானும் குடித்தேன். குடித்து முடித்து, செம்பைக் கீழே வைத்துவிட்டு, கேப்டனால் சொல்லமுடியாமல் என் முகத்தைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். அந்தக் கதையை மட்டும் நான் டீ நேரத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது என் கேட்டில் ஜீப் நிற்கிறது.

போட்டுவிட்டு ஓடத்தான் உடம்பு துடித்தது. ஆனால் பாதி கலந்த மருந்து அது. அப்படியே விட்டுப் போகக்கூடாது. தண்ணீர் ஊற்றலாம் என்றால், அலுமினியம் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் புகைய ஆரம்பித்துவிடும். சலித்து முடித்து, அடைக்கிற ரூமுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் எனக்கு விடுதலை.

"உக்காரச் சொல்லு. வாரேன்."

வாட்ச்மேன் போனார். நான் மறுபடி சல்லடையை எடுத்தேன். கை நடுங்கியது. சல்லடையின் விளிம்பு எதிலும் உரசக்கூடாது. ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வியர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. அது மருந்தில் சொட்டிவிடக்கூடாது என்று தோளில் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தேன்.

அதிகாரி உட்காரவில்லை. வேப்பமரத்தடிக்கு வந்து நின்றிருந்தார். இருபத்தெட்டு வயசு இருக்கும், என் மகன் வயசு. யூனிபாரம் போட்டிருக்கிறார், காலில் ஒன்றும் இல்லை. தொப்பியும் இல்லை. வெறுந்தலை, வெறுங்கால், கை இரண்டையும் முன்னால் கோத்திருக்கிறார்.

பதினேழு வருசப் பட்டாளத்தில் அதிகாரிகளை நான் வெறுங்காலோடு பார்த்தது கோயிலிலும் செத்த வீட்டிலும்தான். முடிந்தது என்று நினைத்தேன். என் பிள்ளை போய்விட்டான்.

'ஆணி வைத்த செருப்பு, பூட்ஸ், உலோகச் சாமான் எதுவும் உள்ளே வரக்கூடாது' என்று கேட்டில் போர்டு எழுதி மாட்டியவனே நான். வாட்ச்மேன் கழற்றச் சொல்லியிருக்கிறார், அவரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, உலோக வில்லை வைத்த தொப்பியையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவ்வளவுதான் விசயம். அந்த நிமிசத்தில் என் சட்டம் எனக்கே ஞாபகம் வரவில்லை. எழவு சொல்லத்தான் வெறுங்காலோடு நிற்கிறார் என்று என் புத்தி அடித்துச் சொன்னது.

அப்போது நான் நினைத்த ஒன்றை இங்கே எழுதவேண்டும். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இந்தக் கம்பெனியில் பட்டாளத்தில் பிள்ளை இருக்கிற ஆள் நான் மட்டும் இல்லை என்பது ஞாபகம் வந்தது. இருபது அடி தள்ளி, எதிர் ரூமில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகு எனக்குத் தெரிந்தது. அது அவள் பிள்ளையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தது மட்டும் இல்லை, உதட்டை அசைத்து வேண்டினேன். இருக்கங்குடி ஆத்தா, அவ புள்ளையா இருக்கட்டும். இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்வதற்குள் சல்லடை காலியாகிவிட்டது.

மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு அவள் ரூமுக்கு நடந்தேன். அந்த ரூமில் நாலு பெண்கள். அடைக்கிற மருந்தை அவள்தான் கை நீட்டி வாங்குவாள். அன்றைக்கும் நீட்டினாள். தட்டு கை மாறும்போது இரண்டு பேருமே அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தோம்.

"யாரு முதலாளி வந்திருக்காக?" அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாரோ. நீ வேலையப் பாரு."

வேப்பமரத்துக்கு எத்தனை எட்டு என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். நாற்பத்தொன்று. எண்ணிக்கொண்டே போனேன். எண்ணாமல் போயிருந்தால் விழுந்திருப்பேன். போய் அவர் முன்னால் விறைத்து நின்றேன். அவர் என் பேரைச் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் சாப் என்றேன். அவர் ஒரு காகிதத்தைப் பிரித்து ஒரு பேரைப் படித்தார்.

அது என் மகன் பேர் இல்லை.

அவள் மகன் பேர். தகவல் சொல்லவேண்டிய ஆள் என்று அம்மாவின் நம்பரைக் கொடுத்திருக்கிறான். அவர் கிடைக்காவிட்டால் என்ற இடத்தில் என் பேரையும் கம்பெனி விலாசத்தையும் எழுதியிருக்கிறான். இரண்டு போனும் பெட்டிக்குள் அணைந்து கிடந்தன. வேறு வேலையாக விருதுநகர் பக்கம் சூலக்கரைக்கு வந்திருந்த இந்த அதிகாரியிடம், நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள் என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். பையன் இருந்த இடத்தில் குண்டு விழுந்திருக்கிறது. உயிர் இருக்கிறது. இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

"நல்லவேளை" என்று தமிழில் சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சிரித்திருக்கிறேன். மரத்தைப் பிடித்துக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்திருக்கிறேன்.

"அந்தத் தாயார் எங்கே? நான் போய்ச் சொல்கிறேன்" என்று அவர் கிளம்பினார்.

நான் குறுக்கே கையை நீட்டினேன். "சாப், அவள் கையில் மருந்து இருக்கிறது. அதைக் கீழே வைக்கும்வரை அவளிடம் யாரும் எதுவும் சொல்லக்கூடாது. பதறி எழுந்தாலும் போச்சு, மருந்தை இறுக்குகிற மரக்குச்சி கை தவறினாலும் போச்சு. உள்ளே நாலு பேர் இருக்கிறார்கள்."

"வெளியே கூப்பிடலாமே?"

"கூப்பிட்டாலே பதறுவாள். தட்டு முடியட்டும். தானாகக் கை கழுவ வருவாள்."

எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். செத்த சேதியாக இருந்தாலும் மருந்து இருக்கிற ரூமில் சொல்வது கிடையாது. ஆள் வெளியே வந்து, தொட்டியில் கை கழுவி, ஈரக்கையைச் சேலையில் துடைத்த பிறகுதான் வாயைத் திறப்போம்.

ஒரு தட்டு மருந்து தீர அரை மணி நேரம் ஆகும். நான் போய் அவள் ரூமுக்கு வெளியே நின்றேன். எனக்கு அதுவரை இருந்த பயம் போய் வேறொரு பயம் வந்தது. அவள் கூம்புக் குழாயை எடுக்கிறாள், மருந்தை அள்ளிப் போடுகிறாள், மரக்குச்சியால் இறுக்குகிறாள். அவள் தெரிந்துகொண்டாளோ? தெரிந்துகொண்டுதான் இவ்வளவு மெதுவாகச் செய்கிறாளோ? பன்னிரண்டு வருசத்தில் அவள் அவ்வளவு மெதுவாக அடைத்து நான் பார்த்ததில்லை.

"ஏன் முதலாளி இங்கனயே நிக்கீக?"

"சும்மாதான்த்தா. இறுக்கம் சரியா இருக்கான்னு பாக்கேன்."

பக்கத்தில் இருந்தவள், "பன்னெண்டு வருசமா பாக்காத இறுக்கத்தையா இன்னைக்குப் பாக்கீக?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. நாலு குச்சிகளும் மெதுவாக, ஒன்று மாற்றி ஒன்றாக, இறங்கி ஏறின. எனக்கு மூத்திரம் முட்டியது. நகரவில்லை. எல்லையில் குண்டு விழுந்தபோது நான் சொன்ன வீரமெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை.

தட்டு தீர்ந்தது. அவள் தட்டைத் துடைத்து ஓரமாக வைத்தாள். எழுந்தாள். தொட்டிக்குப் போய் முழங்கை வரைக்கும் கழுவினாள். மறுபடி கழுவினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"சொல்லுங்க."

"உயிருக்கு ஒண்ணுமில்லத்தா."

"யாரு உயிருக்கு?"

"உம் மவனுக்கு. கால்ல அடி. ஒரு கால எடுத்துட்டாக."

அவள் விழவில்லை. அழவில்லை. "ஒரு காலா, ரெண்டு காலா?" என்றாள்.

"ஒண்ணுதான். இடது."

"அப்ப உசுரோட இருக்கான்."

"இருக்கான்."

அதன் பிறகுதான் தொட்டிக் கரையிலேயே உட்கார்ந்து, வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதாள். வெறுங்காலோடு நின்ற அந்த அதிகாரி பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இந்தியில் ஏதேதோ சொன்னார். அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அவளைக் கூட்டிக்கொண்டு விருதுநகர் ஜங்ஷனுக்குப் போனேன். ஆஸ்பத்திரி இருப்பது வடக்கே, அவளுக்குப் பாஷை தெரியாத ஊர், நான் வராவிட்டால் யார் வருவார்? ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. வெயில் தாழவில்லை. பிளாட்பாரத்தில் மிளகாய் மூடை ஏற்ற வந்த ஆட்கள் தும்மிக்கொண்டிருந்தார்கள். கேட்டை விட்டு வெளியே வந்ததும் என் போனை உயிர்ப்பித்திருந்தேன். என் மகனிடமிருந்து ஒன்றும் இல்லை. பையில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தேன்.

பெஞ்சில் நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் கீழே, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை.

"முதலாளி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"சொன்னா என்னைய வேலைய விட்டு நிப்பாட்டினாலும் சரிதான். சொல்லாம ரயிலேறினா என் புள்ளைக்கு ஆகாது." அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "காலைல அந்த ஆபீசரு செருப்பில்லாம நின்னாகளா? எழவு சேதிதான்னு எனக்கு வெளங்கிருச்சு. உங்க பேரச் சொல்லிக் கேட்டாகன்னு வாட்ச்மேன் சொன்னது என் காதுல விழுந்துச்சு. நான் ஆத்தாவக் கும்பிட்டேன் முதலாளி. அது உங்க மவனாவே இருக்கட்டும்னு கும்பிட்டேன். மருந்த வாங்கும்போதும் அதத்தான் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். என் வாயி அழுகிப் போகும்."

அப்படியே குனிந்து என் காலைத் தொட்டாள்.

நான் பேச்சுக்குத் தயங்குகிறவன் இல்லை. கலெக்டர் ஆபீசில் லைசென்ஸ் விசயமாக எத்தனை அதிகாரிகளைப் பேசியே மடக்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெஞ்சில், 'நானும்தான்த்தா' என்று ரெண்டு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் தலையில் கையை வைத்து, "விடுத்தா. பெத்தவ மனசு. நான் ஒண்ணும் நினைக்கல" என்றேன். பெரிய மனுசன் மாதிரி.

"நீங்க பெரிய மனசுக்காரக" என்று சொல்லி அவள் அழுதாள். எழுந்து போய் எனக்கு ஒரு டீ வாங்கிவந்து கொடுத்தாள். நான் அதைக் குடித்தேன்.

இரண்டு நாள் ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து போனோம். என் மகன் இரண்டாம் நாள் பேசினான். நல்லா இருக்கேன்ப்பா என்றான். அவள் என்னைவிட அதிகமாகச் சந்தோசப்பட்டாள். பிராயச்சித்தம் கிடைத்த மாதிரி அவள் முகம் தெளிந்துவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் அந்தப் பையன் படுத்தபடியே எனக்குச் சல்யூட் அடித்து, "அண்ணன் எப்படி இருக்காக?" என்று என் மகனைத்தான் முதலில் விசாரித்தான். அங்கேயும் சொல்லவில்லை.

இப்போது பையன் ஊரில் இருக்கிறான். செயற்கைக் கால் மாட்டி நடக்கிறான். அவள் இன்றைக்கும் என்னிடம்தான் வேலை பார்க்கிறாள். கம்பெனியில் யாராவது என்னை ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் சண்டைக்குப் போகிறாள். "எங்க முதலாளி மனசு எவனுக்கு வரும்?" என்று அவள் கேட்பது என் ரூம் வரைக்கும் கேட்கிறது. அப்போதெல்லாம் சல்லடையை வைத்துவிட்டு ஈரச் சாக்கில் கையைத் துடைத்துக்கொள்கிறேன்.

அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். மெதுவாகத்தான் படிப்பாள், ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். சிவகாசியில் இது அச்சாகி வந்ததும் முதல் புத்தகத்தை அவளுக்குத்தான் கொடுக்கப்போகிறேன். வேலை முடிந்து அவள் கை கழுவிய பிறகு, கேட்டுக்கு வெளியே வைத்து. அவள் படித்துப் படித்து இந்தக் கடைசிப் பக்கத்துக்கு வரும்வரை நான் அங்கேயே நிற்கவேண்டும்.